கரீபியன் தீவு ஒன்றில் ஒரு வாரம் இருந்தால், பீச் தவிர இயற்கையாகப் பார்க்க என்ன இருக்கிறது?

கேட்டவர் கணவன் மனைவியாகப் போகிறாராம். லீவு ஒரு வாரம்தான். மணலில் படுத்துக் கிடப்பதில் இரண்டு பேருக்கும் ஆர்வமில்லை, காடு, பறவை, விலங்கு என்று இருந்தால் போதும் என்கிறார். அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு டிரினிடாட் போங்கள். விளம்பரப் படங்களில் வரும் நீலக் கடலும் வெள்ளை மணலும்தான் வேண்டுமென்றால் இந்தத் தீவு ஏமாற்றும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் அங்கே பாயிண்ட் லிசாஸ் பக்கம் ஒரு அம்மோனியா ஆலையில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன். போன புதிதில் ஒரு பீச்சைப் பார்த்துவிட்டு "இதுக்காடா இவ்வளவு தூரம் வந்தோம்" என்றுதான் நினைத்தேன். தண்ணீர் கலங்கலாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, பக்கத்திலேயே வெனிசுவேலா, மிக நெருங்கும் இடத்தில் 11 கிலோமீட்டர்தான், அங்கிருந்து ஓரினோக்கோ ஆறு கொண்டுவந்து கொட்டும் வண்டல் இந்தக் கரை வரை வருகிறது. டிரினிடாட் உண்மையில் தென் அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன ஒரு துண்டு. அதனால்தான் மற்ற கரீபியன் தீவுகளில் இல்லாத ஊளைக்குரங்கு, எறும்புத்தின்னி எல்லாம் இங்கே உண்டு.

ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் கரோனி சதுப்புநிலம். தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து கொஞ்ச தூரம்தான். மாலை 4 மணி வாக்கில் தட்டையான படகில் ஏற்றி, அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஓடும் கால்வாய் வழியாகக் கூட்டிப்போவார்கள். வழியில் படகோட்டி திடீரென்று எஞ்சினை நிறுத்தி மேலே கை காட்டுவார். கிளையில் சும்மாடு சுற்றி வைத்தது மாதிரி ஏதோ இருக்கும், பாம்பு. நம் தலைக்கு மேலே, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு. கடைசியில் கால்வாய் ஒரு பெரிய ஏரியாக விரியும், நடுவில் பச்சைத் திட்டு ஒன்று, அதற்கு எதிரே படகைக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதலில் மூன்று பறவைகள் வந்தன. சிவப்பு என்றால் நாம் நினைக்கிற சிவப்பு இல்லை, ரத்தச் சிவப்பும் இல்லை, உள்ளே விளக்கு எரிகிற மாதிரி ஒரு சிவப்பு. அது ஸ்கார்லெட் ஐபிஸ், அரிவாள்மூக்கன் இனம், நாட்டின் தேசியப் பறவை. அப்புறம் பத்து, இருபது, அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். அரைமணி நேரத்தில் அந்தப் பச்சை மரமெல்லாம் பூத்த மாதிரி ஆகிவிட்டது. குஞ்சுகள் பழுப்பாகத்தான் இருக்கும், நண்டும் இறாலும் தின்னத் தின்னத்தான் இந்த நிறம் ஏறுகிறது. இறைச்சிக்காக இதைத் திருட்டுத்தனமாகச் சுடுகிறவர்களும் இருந்தார்கள், 2018-இல் அபராதத்தை 1 லட்சம் டிரினிடாட் டாலராக உயர்த்தி, 2 வருடச் சிறையும் வைத்தார்கள். போன் கேமராவில் எல்லாம் சிவப்புப் புள்ளியாகத்தான் விழும், பைனாகுலர் எடுத்துப் போங்கள். கொசு மருந்தும்.

அடுத்தது ஆமை. இதற்குச் சீசன் முக்கியம், மார்ச் முதல் ஆகஸ்ட் வரைதான். வடகிழக்கு மூலையில் கிராண்ட் ரிவியேர் என்று ஒரு சின்ன மீனவ ஊர், தலைநகரிலிருந்து வளைந்து வளைந்து மூன்று மணி நேரம் காரில் போக வேண்டும், இரவு அங்கேயே தங்குவதுதான் சரி. லெதர்பேக் ஆமை, ஒவ்வொன்றும் 300 முதல் 500 கிலோ, உச்ச சீசனில் ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் கரையேறும். அனுமதிச் சீட்டு வாங்கி, வழிகாட்டியோடுதான் மணலில் இறங்கலாம், டார்ச் அடிக்கக்கூடாது, அவர் கையில் சிவப்பு விளக்கு இருக்கும். முட்டையிடத் தொடங்கியபின் அது சுற்றி நடப்பதைக் கண்டுகொள்ளாது, அப்போதுதான் கிட்டே விடுவார்கள். இருட்டில் எனக்கு முதலில் கேட்டது சத்தம்தான், துருத்தி ஊதுவது மாதிரி ஒரு பெருமூச்சு. பின்துடுப்பு இரண்டையும் கை மாதிரி மடக்கி, ஒன்று மாற்றி ஒன்றாக மணலை அள்ளி வெளியே வைக்கிறது. தோண்டுகிற குழியை அது ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. விடிந்ததும் அதே மணலில் வேறொரு காட்சி: இடம் போதாமல் ஒரு ஆமை தோண்டும்போது இன்னொன்றின் முட்டைகள் வெளியே வந்து உடைந்து கிடக்கும், கழுகுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். என் மனைவி அதைப் பார்க்காமல் அறைக்குத் திரும்பிவிட்டாள்.

வடக்கு மலைத்தொடரில் அரிமா பள்ளத்தாக்குப் பக்கம் ஹம்மிங்பேர்டு பார்க்கலாம். வராந்தாவில் காபியோடு உட்கார்ந்தால் போதும், காதருகே ரீங்காரத்தோடு வந்து போகும். மராக்காஸ் கடற்கரைக்கு மட்டும் ஒரு மதியம் ஒதுக்குங்கள், குளிக்க இல்லாவிட்டாலும் சாப்பிட: பொரித்த தடிமனான ரொட்டிக்குள் சுறா மீன் வைத்து, மேலே புளிச் சாஸும் ஷாடோ பெனி என்கிற கீரைச் சட்னியும் ஊற்றித் தருவார்கள், அந்தக் கீரை அப்படியே கொத்தமல்லி வாசம். சாப்பாட்டுக்கு அலைய வேண்டியிருக்காது, 1845-இல் தொடங்கிக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்ட நம்மவர்களின் வாரிசுகள்தான் ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்தவர்கள், சென்னையிலிருந்து கப்பலேறியவர்களும் உண்டு. காலையில் தெருவோரம் டபுள்ஸ் சாப்பிடாமல் திரும்பாதீர்கள், பரா என்கிற மெத்தென்ற பொரித்த ரொட்டி இரண்டுக்கு நடுவே கொண்டைக்கடலைக் கறி.

எப்போது போவது? ஏப்ரல், மே. ஜனவரி முதல் மே வரை மழை குறைவு, ஆமையும் வந்திருக்கும், மலையில் பூயி மரங்கள் மஞ்சளாகப் பூத்திருக்கும். கார்னிவல் திருவிழா வாரத்தில் போய்விடாதீர்கள், அறை வாடகை கேட்டால் மயக்கம் வரும். வண்டி இடப்பக்கம் ஓட்டுவார்கள், ஆங்கிலம் பேசுவார்கள், அதில் கஷ்டமில்லை. அமெரிக்கா வழியாக டிக்கெட் போட்டால் விமானம் மாறுவதற்கே தனியாக விசா வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். பாதுகாப்பு விஷயத்தில் பூசி மெழுக விரும்பவில்லை, நகரத்தில் துப்பாக்கிக் குற்றங்கள் அதிகம், 2024 டிசம்பர் கடைசியில் அவசரநிலையே அறிவித்தார்கள். இருட்டியபின் தலைநகரில் நடந்து சுற்றாதீர்கள், தெரிந்த ஓட்டுநரை வைத்துக்கொள்ளுங்கள்.

தார் ஏரியைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. தெற்கே லா பிரேயாவில் சுமார் 100 ஏக்கருக்கு இயற்கையான தார், உலகிலேயே பெரியது. 1595-இல் வால்டர் ராலே என்கிற ஆங்கிலேயக் கடலோடி வந்து தன் கப்பல்களின் இடுக்குகளை இதை வைத்துத்தான் அடைத்தார். பார்க்க மழை பெய்த கார் பார்க்கிங் மாதிரி இருக்கும், அதனால் பலர் "இவ்வளவுதானா" என்று திரும்பிவிடுகிறார்கள். கீழே இறங்கி நடக்க வேண்டும். யானைத் தோல் மாதிரி மடிப்பு மடிப்பாக, காலுக்கடியில் லேசாக அமுங்கும். நிலத்தடி எண்ணெய் பிளவு வழியாக மேலே கசிந்து, லேசானதெல்லாம் ஆவியாகிப் போக, மிச்சம் களிமண்ணோடு கலந்து நிற்பதுதான் இது. வழிகாட்டி ஒரு குச்சியை விட்டுத் தூக்கினால் வெல்லப்பாகு மாதிரி கம்பியாக நீளும். அவர் காட்டும் இடத்தில் மட்டும் கால் வையுங்கள். நான் ஒரு படத்துக்காக ரெண்டு அடி தள்ளிப் போனேன், புது வெள்ளை ஷூ, இடது கால் கணுக்கால் வரை போய்விட்டது. காலை இழுத்துவிட்டார்கள். ஷூ வரவில்லை.