குதிரை இல்லாத பிள்ளைக்கும் கிளப்பில் வேலை உண்டு: கேள்வி பதில்

இளையோர் குதிரை கிளப் நடத்துபவர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகள் இவை.

கேள்வி: எங்கள் கிளப்பில் பாதிப் பிள்ளைகளுக்குச் சொந்தக் குதிரை கிடையாது. சும்மா வேடிக்கை பார்க்கிறார்கள்.

சவாரி மட்டும்தான் கிளப் என்றால் அப்படித்தான் ஆகும். அமெரிக்காவின் 4-எச் என்ற இளையோர் அமைப்பின் மன்றங்களில் ஹிப்பாலஜி, அதாவது குதிரை பற்றிய அறிவு, என்று ஒரு போட்டியே உண்டு. எழுத்துத் தேர்வு, சேணம், கடிவாளம், தீவனம் ஆகியவற்றைப் பார்த்துப் பெயர் சொல்வது, குழுவாக ஒரு சிக்கலுக்கு வழி காண்பது என்று போகும். யாரும் குதிரை மேல் ஏற வேண்டாம்.

கேள்வி: இருப்பது ஒரே குதிரை, பிள்ளைகள் பதினைந்து பேர். ஒரு மணி நேரத்துக்கு என்ன செய்வது?

குதிரையின் நாடி பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. பழகிய ஒருவர் குதிரையைப் பிடித்துக்கொள்ளட்டும். பிள்ளை, குதிரையின் தாடை எலும்பின் கீழ்விளிம்பில், உள்பக்கமாக விரல் நுனிகளை மெல்ல நகர்த்த வேண்டும். கயிறு போல ஒரு ரத்தக்குழாய் விரலுக்கடியில் உருளும். லேசாக அழுத்திக் காத்திருந்தால் துடிப்பு தெரியும். கட்டைவிரல் வேண்டாம், அதன் சொந்தத் துடிப்பே குழப்பிவிடும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கட்டும். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை வரும். அப்புறம் தன் கையிலும் பார்க்கட்டும். இவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு மெதுவாகவா என்று அவர்களே கேட்பார்கள். இதயத்தைப் பற்றிய பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

ஸ்டெதஸ்கோப் கிடைத்தால் விலா முடிந்ததும் வயிற்றுப் பக்கம் வைத்துக் கேட்கட்டும். குடல் கடமுடவென்று சத்தம் போட்டால் நல்லது. சத்தமே இல்லையென்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி அதன் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு?

எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்பதுதான் முதல் பாடம். குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட 350 டிகிரி தெரியும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. தரையில் சாக்பீஸால் பெரிய குதிரை வரைந்து, அந்த இரண்டு இடங்களையும் தீட்டி, மிதிக்காமல் சுற்றி வரச் சொல்லுங்கள். இது பழகிய பிறகு நிஜக் குதிரையிடம் போகலாம்.

கேள்வி: பிள்ளைகளுக்குக் குதிரை நடைகளின் வித்தியாசம் பிடிபடவில்லையாம்.

கைதட்ட வையுங்கள். ஒரு சுற்று அடிவைப்புக்குக் கேட்கும் குளம்படிக்கு ஏற்ப, சாதாரண நடைக்கு நான்கு தட்டு, டிராட் என்ற துள்ளு நடைக்கு இரண்டு, கேன்டர் என்ற மித ஓட்டத்துக்கு மூன்று.

கேள்வி: பதின்ம வயதினர் இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு என்கிறார்கள்.

சரி, கையில் அளவு நாடாவைக் கொடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் தோராயமான எடை கிலோவில் வரும். சுற்றளவு 160, நீளம் 150 என்றால் சுமார் 323 கிலோ. உலர்புல் முதலிய நார்த்தீவனம் நாளுக்கு எடையில் 1.5 முதல் 2 சதவீதம், அதாவது இந்தக் குதிரைக்கு ஐந்து முதல் ஆறரை கிலோ. லாயத்தில் இப்போது போடுகிற தீவனத்தைத் தராசில் வைத்து, கணக்கோடு ஒப்பிட்டு அவர்களே சொல்லட்டும்.