ஒரு கணினி, இரண்டு பேர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நானும் மனைவியும் ஒரே லேப்டாப்பில் வேலை செய்கிறோம். மாலை நேரத்தில் இருவருக்குமே தேவைப்படுகிறது. இன்னொன்று வாங்கிவிடலாமா?

ஒரு வாரம் பொறுங்கள். ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது மற்றவர் காத்திருக்க நேர்ந்தால், எந்த வேலைக்காகக் காத்திருந்தார் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். மின்னஞ்சல் பார்ப்பது, பில் கட்டுவது, படம் பார்ப்பது போன்றவை என்றால் கைபேசியிலேயே முடியும், இல்லையென்றால் அரை மணி நேரம் தள்ளிப்போகும். வீடியோ கூட்டம், நேரலை வகுப்பு, இன்றைக்குள் அனுப்பியாக வேண்டிய கோப்பு எல்லாம் தள்ளிப்போகாது. இந்த இரண்டாவது வகை மோதல் வாரத்தில் மூன்று நான்கு முறை வருகிறதென்றால் தயங்காமல் வாங்குங்கள். இருப்பதை விற்றுவிட்டு அதைவிட வேகமான ஒன்றை வாங்கினால் இந்தச் சிக்கல் தீராது. அதன் முன்னாலும் ஒருவர்தான் உட்கார முடியும்.

வீட்டு வருமானமே அந்த லேப்டாப்பை நம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் அது பழுதுபார்க்கப் போகும் நாளில் இருவர் வேலையும் நின்றுவிடும். அந்த நிலையில் நேர மோதல் குறைவாக இருந்தாலும் சாதாரணமான ஒரு இரண்டாவது கணினி இருப்பது நல்லது என்பேன்.

நானும் தம்பியும் ஒரே லாகினைத்தான் பயன்படுத்துகிறோம். அவன் பார்த்த வீடியோக்கள் எனக்கு வந்து நிற்கின்றன. போன வாரம் என் மின்னஞ்சலிலிருந்தே அவன் யாருக்கோ பதில் அனுப்பிவிட்டான்.

இன்றைக்கே இரண்டு பயனர் கணக்குகள் உருவாக்குங்கள். பகிர்ந்து பயன்படுத்தும் வீடுகளில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேலையைச் செய்யாததால் வருபவை என்பது என் உறுதியான எண்ணம். செலவு கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இந்த வசதி உண்டு. விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் அக்கவுண்ட்ஸ் பகுதியில் இருக்கிறது.

இருவருக்கும் அட்மின் உரிமை, அதாவது கணினி முழுவதையும் கட்டுப்படுத்தும் உரிமை, கொடுத்துவிடாதீர்கள். அட்மின் கணக்கில் இருப்பவர் நினைத்தால் மற்றவர் கோப்புகளைத் திறக்கலாம், கணக்கையே நீக்கலாம். சாதாரணக் கணக்கால் அது முடியாது. மென்பொருள் நிறுவவும் அமைப்புகளை மாற்றவும் மட்டும் தனியாக ஒரு அட்மின் கணக்கு வைத்துக்கொண்டு, அன்றாட வேலையை இருவரும் சாதாரணக் கணக்கில் செய்வது எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பு. தவறிப்போய் வைரஸ் உள்ள கோப்பைத் திறந்துவிட்டாலும் சேதம் குறையும்.

பிரவுசரில் மட்டும் இரண்டு புரொஃபைல் போதாதா என்று சிலர் கேட்பார்கள். புக்மார்க்கும் ஹிஸ்டரியும் பிரியும், அவ்வளவுதான். ஒரு கிளிக்கில் அடுத்தவர் புரொஃபைலுக்குள் போய்விடலாம். டெஸ்க்டாப்பும் கோப்புகளும் அப்போதும் பொதுவாகவே இருக்கும். இருவருக்கும் வேண்டிய புகைப்படங்கள், ஆவணங்களை மட்டும் பொதுக் கோப்புறையில் வையுங்கள். விண்டோஸில் அதற்கு பப்ளிக் என்று பெயர், மேக்கில் ஷேர்டு. அப்புறம், பழைய கணக்கை நீக்கும்போது கவனம்: அதிலுள்ள கோப்புகளும் சேர்ந்தே போய்விடும். முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

தனித்தனிக் கணக்குகள் வைத்த பிறகு கணினி மிகவும் மெதுவாகிவிட்டது. ஏன்?

வேலை முடிந்ததும் சைன் அவுட் செய்யாமல் ஸ்விட்ச் யூசர் கொடுத்து மாறுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி மாறினால் முதல் ஆள் திறந்து வைத்த பிரவுசரும் மற்றவையும் பின்னணியில் நினைவகத்தை (ரேம்) பிடித்துக்கொண்டே இருக்கும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரில் யூசர்ஸ் என்ற பகுதியைத் திறந்தால் யார் கணக்கு எவ்வளவு ரேம் எடுக்கிறது என்று தெரியும். நீண்ட நேரம் திரும்பி வரப்போவதில்லை என்றால் சைன் அவுட் செய்வதைப் பழக்கமாக்குங்கள். அடுத்தவர் கணக்கு பின்னணியில் இருக்கும்போது கணினியை அணைக்கப் போனால் விண்டோஸ் ஒரு எச்சரிக்கை காட்டும். படிக்காமல் சரி என்று அழுத்தினால் அவர் சேமிக்காத வேலை போய்விடும்.

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்ச ரேம் 4 ஜிபி என்பது அது ஓடுவதற்கான அளவு. இரண்டு கணக்குகள் திறந்தபடி இருக்கும் கணினிக்கு 16 ஜிபி இருந்தால் நிம்மதி. பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். புதிய கணினி வாங்கும் எண்ணமே சில வீடுகளில் அதோடு மறைந்துவிடும். ஆனால் சில லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கூட்ட முடியாது, முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரே சிபியுவில் இரண்டு மானிட்டர், இரண்டு கீபோர்டு பொருத்தி இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியுமா?

முடியும், ஆனால் வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன். லினக்ஸில் மல்டிசீட் என்ற வசதி இருக்கிறது. பொதுவாக ஆளுக்கொரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும், அமைப்பதற்கும் பொறுமை வேண்டும். வீட்டில் பயன்படுத்தும் விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் உட்கார வைக்கும். வேறொரு கணினியிலிருந்து இதை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதி உள்ள பதிப்புகளிலும், அதன் வழியாக இன்னொருவர் உள்ளே வந்தால் முன்னால் இருப்பவர் திரை பூட்டிக்கொள்ளும். இதைத் தாண்டத் தனி மென்பொருள்கள் விற்கிறார்கள். அதற்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கொடுக்கும் பணத்தில் நல்ல நிலையில் உள்ள பழைய கணினி ஒன்றைப் பாருங்கள்.

எங்கள் பழைய கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை. புதியது வாங்கிவிட்டு இதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பாதுகாப்புப் புதுப்பிப்பு வராத கணினியில் வங்கி வேலை வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டால் எழுத, படிக்க, இணையம் பார்க்க அது இன்னும் பல நாள் உழைக்கும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். புதியது யாருக்கு என்று கேட்டால், வயதில் மூத்தவருக்கு என்று வைக்காமல் கனமான மென்பொருள் யாருக்குத் தேவையோ அவருக்குக் கொடுங்கள்.

அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் மகளுக்கு ஒரு கணக்கு போட்டுக் கொடுக்கலாமா?

வேண்டாம். அதிலுள்ள தகவல்களுக்குப் பொறுப்பு உங்களுடையது. தனிக் கணக்கே போட்டாலும் அந்த லேப்டாப்பில் நடப்பதை அலுவலக ஐடி பிரிவால் கண்காணிக்க முடியும், உங்கள் மகள் செய்வதையும் சேர்த்து.