முதலில் காந்தம், அப்புறம் உளி: மரக்கிண்ணம் கடைவோர் கேள்வி பதில்

பொழுதுபோக்காக லேத்தில், அதாவது மரத்தைச் சுழற்றிக் கடையும் மெசினில், மரக்கிண்ணம் கடைய விரும்புகிறவர்கள் வன்னியின் பல ஊர்களிலிருந்தும் அனுப்பிய கேள்விகள் இவை. கதவு நிலை, கட்டில், கூரை பற்றிக் கேட்டவர்கள் நல்ல தச்சரிடம் போங்கள். அது வேறு வேலை.

பரந்தன்: அண்ணை, புதிதாகத் தொடங்குகிறேன். எந்த லேத் வாங்கலாம்?

கிண்ணத்துக்கு லேத்தின் நீளம் முக்கியமில்லை. சுழலும் தண்டுக்கும் கீழே உள்ள படுக்கைக்கும் இடையில் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். அது 6 அங்குலம் என்றால் 12 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைந்த மரம் வரை சுழலும். 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 பரிவலு மோட்டார் தாராளம்.

அடுத்தது வேகம். மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையில் வரவேண்டும். 10 அங்குலத்துக்கு 600 முதல் 900 சுற்று. மரம் இன்னும் வட்டமாகாமல் முண்டும் முடிச்சுமாக இருக்கும்போது அதற்கும் கீழே ஓட்ட வேண்டும். ஆகவே 500க்குக் கீழே இறங்காத மெசினைக் கிண்ணத்துக்கு வாங்காதீர்கள். பழைய மோட்டாரில் படிப்படியான கப்பி போட்டு லேத் கட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். படுக்கை பாரமாக, ஆடாமல் இருந்தால் அதுவே போதும்.

புதுக்குடியிருப்பு: எங்கள் காணியில் ஒரு பெரிய வேம்பு காற்றுக்கு விழுந்து கிடக்கிறது. அறுத்துக் கடையலாமா?

கடையலாம். ஆனால் உங்கள் பகுதியில் போர் முடிந்த 2009க்கு முன்பிருந்தே நின்ற எந்த மரத்துக்குள்ளும் ஷெல் துண்டோ ரவையோ இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். மரக்காலைக்காரர் இதை நன்றாக அறிவார்கள். ஒரு துண்டு பட்டாலே மரம் அறுக்கும் வாளின் பல்லு போய்விடும்.

மரம் காயத்தை ஆற்றுவதில்லை, மேலே புதுமரம் வளர்த்து மூடிவிடுகிறது. உள்ளே போன இரும்பு அன்று நின்ற இடத்திலேயே நிற்கும். அதற்கு மேல் இத்தனை வருட வளர்ச்சி மூடியிருக்கும். அதனால் பட்டை வழுவழுப்பாக இருக்கிறது, காயமே இல்லை என்பதை நம்ப வேண்டாம். முழுக்குற்றியின் மேல் காந்தம் வைத்துப் பார்ப்பதும் போதாது, அவ்வளவு ஆழத்துக்கு அதன் இழுவை எட்டாது. குற்றியைப் பிளந்து, கிண்ணத்துக்கு வேண்டிய அளவுக்கு வெட்டிய பிறகு ஒவ்வொரு முகத்திலும் பாருங்கள். காந்தம் இரும்பைத்தான் பிடிக்கும். ஈயமும் செம்பும் அதற்குத் தெரியாது. உலோகம் காட்டும் சிறிய கைக்கருவி ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்தாவது வாங்கி வைத்திருங்கள்.

கண்ணும் உதவும். துவர்ப்புள்ள மரத்தில் இரும்பு கிடந்தால் அதைச் சுற்றிக் கருநீலக் கறை பரவும். அந்தக் கறை மரத்தின் நார் போகும் திசையில் நீளமாக ஓடும். வெட்டுமுகத்தில் கருநீலக் கோடு கண்டால் அதன் வழியே தேடிப் போங்கள், ஆளைப் பிடிக்கலாம். 10 அங்குலக் கிண்ணம் 700 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் போகிறது. அந்த வேகத்தில் கழன்று வரும் இரும்பு உங்கள் முகத்தைத்தான் பார்த்து வரும்.

இன்னொன்று. துண்டு வேறு, முழுப்பொருள் வேறு. மரத்திலோ வேரடியிலோ உருவம் குலையாத எதையாவது கண்டால் தொடாமல், ஆட்டாமல் விலகிப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். கண்ணிவெடி எடுத்து முடியாத பக்கம் விறகுக்குக்கூடப் போகாதீர்கள்.

முள்ளியவளை: ஐயா, கடைந்த கிண்ணம் எல்லாம் ஒரு கிழமைக்குள் வெடித்துவிடுகிறது. மரம் பிழையா?

மரம் பிழையில்லை, அவசரம்தான் பிழை. ஈரமரம் காயும்போது சுருங்கும். வளையத்தின் வழியே சுருங்குவது, நடுவிலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் மரம் பிளக்கிறது. இதற்குச் செய்ய வேண்டியது இதுதான்.

குற்றியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுப்புள்ளி ஓடும் நடுப்பகுதியைக் கழித்துவிடுங்கள். நடுப்புள்ளி உள்ளே இருந்தால் கிண்ணம் வெடித்தே தீரும். வெட்டிய அன்றே இரண்டு தலைப்பக்கத்துக்கும் மெழுகு உருக்கிப் பூசுங்கள், ஈரம் வேகமாக ஓடுவது தலைப்பக்கத்தால்தான். பிறகு ஈரத்தோடேயே முரடாகக் கடையுங்கள். சுவரின் தடிப்பு விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, 10 அங்குலத்துக்கு 1 அங்குலம். அதை அதன் சீவலோடு சேர்த்துக் கடதாசிப் பையில் போட்டு, நிலத்தில் படாமல் நிழலில் வையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை நிறுத்து, நிறையைப் பையிலேயே எழுதுங்கள். நிறை குறைவது நின்றபின்தான் மறுபடி லேத்தில் ஏற்ற வேண்டும். அதற்குள் கிண்ணம் நீள்வட்டமாகக் கோணியிருக்கும். அந்தக் கோணலை எடுத்துவிடத்தான் தடிப்பு விட்டுவைத்தோம்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பையைத் திறந்த விறாந்தையில் வைக்காதீர்கள். வெளிப்புறம் காய்ந்து இறுகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும், அப்புறம் வெடிப்புத்தான். மாரியில் நேர்மாறு: மெல்லக் காயும், ஆனால் பூஞ்சணம் பிடிக்கும். சீவல் ஈரமாகிவிட்டால் மாற்றுங்கள்.

மல்லாவி: எங்கள் பக்கத்து மரங்களில் கிண்ணத்துக்கு எது நல்லது?

பூவரசு. வேலியில் நிற்கிறது என்று யாரும் மதிப்பதில்லை. சொக்லேட் நிற வைரம், இறுக்கமான நார், உளிக்கு இதமான மரம், சாப்பாட்டில் சுவையும் இறங்காது. ஹவாய்த் தீவுக்காரர் இதே மரத்தில்தான் உணவுக் கிண்ணம் கடைந்தார்கள். நம் வேலியில் நிற்பதை நாம் அடுப்புக்குள் வைக்கிறோம் என்பது எனக்குப் பெரிய மனவருத்தம்.

முதிரை அழகென்றால் அழகு, பட்டுப் போல மினுங்கும். ஆனால் அதன் தூள் பலருக்குத் தோலில் கடியும் கொப்புளமும் தரும். முகமூடியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தொடாதீர்கள். பாலை தண்ணீரில் தாழும் அளவுக்குப் பாரம், உளியை அடிக்கடி தீட்ட வேண்டும். விழுந்த மரம் கிடைத்தால் கடையுங்கள், பழம் தந்துகொண்டு நிற்பதில் கைவைக்க வேண்டாம். வேம்பு கைக்கும், பழம் வைக்க மட்டும் நல்லது. பலா அருமையான மஞ்சள். ஆனால் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கருங்காலியை மறந்துவிடுங்கள்.

விசுவமடு: எந்த லேத் நல்லது?

பரந்தன் தம்பிக்குச் சொன்னதேதான். மரத்தைக் காந்தத்தால் பார்த்துவிட்டீர்களா?

வவுனியா: அண்ணா, கடைந்து முடித்த கிண்ணத்துக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமா? அல்லது நல்லெண்ணெய்?

இரண்டும் வேண்டாம் தங்கச்சி. தேங்காய் எண்ணெய் காயாது, நல்லெண்ணெய் பிசுபிசுத்து மணக்கத் தொடங்கும். சுலபமானது பார்மசியில் கிடைக்கும் லிக்விட் பரபினோடு தேன்மெழுகை மெல்லிய சூட்டில் உருக்கிப் பூசுவது. மங்கும்போது மறுபடி பூசினால் சரி. ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகும், நல்ல பூச்சுத்தான். ஆனால் அது தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். துணியை விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். எந்தப் பூச்சானாலும் மரக்கிண்ணத்தைத் தண்ணீரில் ஊறவிடக் கூடாது.

நெடுங்கேணி: முற்றத்து மாமரம் பட்டுப்போய்த் தறித்தோம். உள்ளே ஷெல் துண்டு, சுற்றிலும் கருநீலக் கறை. துண்டையும் கறையையும் அப்படியே வைத்துக் கிண்ணம் கடைய ஆசை. முடியுமா?

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதுமுன்னரே மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். கனகராயன்குளத்து அம்மா ஒருவர், "பிள்ளைகள் கைவைக்கும் பாத்திரத்தில் அது எதற்கு? அரத்தாள் போட்டுத் தேய்த்துவிடு மகன்" என்கிறார். மாங்குளத்துத் தம்பி, "தேய்த்தால் நடந்தது இல்லையென்று ஆகிவிடுமா? அந்த மரம் எங்களோடு சேர்ந்து வாங்கியது" என்கிறார். அதற்கு அம்மா, "நடந்ததை எனக்கு ஒரு கிண்ணம் நினைவூட்டத் தேவையில்லை" என்று மறுபடி எழுதியிருக்கிறார். ஒட்டுசுட்டானிலிருந்து ஒருவர் இப்படிக் கடைந்து வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு விற்கலாமே என்கிறார்.

முதலில் வேலை. துண்டை உள்ளே வைத்துக் கடைய முடியாது. உளி முறியும், அல்லது துண்டு பறக்கும். மரத்தைப் பிளந்து எடுத்தே ஆக வேண்டும். குழி இருக்கட்டும், விரும்பினால் பிசின் வார்த்து நிரப்பலாம். கறை நிற்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. போக்க விரும்பினால் ஒக்சாலிக் அமிலக் கரைசல் போக்கும், கையுறை போட்டுப் பூசிப் பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். கறை நின்றாலும் போனாலும் அந்தக் கிண்ணத்தில் சாப்பாடு வேண்டாம். உள்ளே கிடந்தது என்ன உலோகம் என்று நமக்குத் தெரியாது.

மற்றது, மரம் யாருடைய முற்றத்தில் நின்றதோ அவர்கள் சொல்வதுதான் முடிவு. அம்மாவுக்கும் தம்பிக்கும் இடையில் நான் நீதி சொல்ல வரவில்லை, இரண்டு பேரும் சொல்வது எனக்கு விளங்குகிறது. ஆனால் கறைக்கு விலைபோட்டு விற்பதை நான் ஏற்க மாட்டேன். அந்த மரத்தடியில் பங்கருக்குள் இருந்தவர்களைக் கேட்காமல் அதை விலைப்பொருள் ஆக்க நமக்கு உரிமையில்லை. விற்பதற்குப் பூவரசு இருக்கிறது.

இதைப் பற்றி இன்னும் நிறைய வந்திருக்கின்றன. இரண்டு பக்கமும் சொல்லியாகிவிட்டது, இத்தோடு விடுவோம்.

பூநகரி: கை வெட்டுப்படாமல் இருக்கக் கையுறை போடலாமா?

லேத் ஓடும்போது கூடவே கூடாது, சுழலும் மரம் கையுறையைப் பிடித்தால் கையையும் இழுக்கும். சாரம், தோளில் துவாய், தொங்கும் சங்கிலி, கட்டாத தலைமயிர் எல்லாம் அப்படியே. முகமறைப்பு மட்டும் எப்போதும் வேண்டும்.

மன்னார்: உளி மரத்தில் சடாரென்று கொத்திக்கொள்கிறது. ஏன்?

கூர் முதலில் தொடுகிறது. உளியின் சாய்ந்த முதுகை மரத்தில் வைத்து, பிடியை மெல்ல உயர்த்திக் கூரைக் கொண்டுவாருங்கள். உளி தாங்கியை மரத்துக்கு அரை அங்குலம் கிட்ட வையுங்கள், மரம் குறையக் குறைய மெசினை நிறுத்திவிட்டுத் தாங்கியை நகர்த்துங்கள்.

முழங்காவில்: அரக்கில் நிறம் ஏற்றுவது எப்படி?

அது என் துறை இல்லை. மாத்தளைப் பக்கம் ஹப்புவிட என்ற ஊரில் அந்த வேலையைப் பரம்பரையாகச் செய்கிறார்கள். நேரில் போய்ப் பார்ப்பதுதான் நல்லது.

மாங்குளம்: அண்ணை, லேத் ஒன்று வாங்க வேண்டும், எது...

மேலே இருக்கிறது தம்பி. வாங்கும்போது காந்தம் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள்.