குடியை நிறுத்த ஆதரவுக் கூட்டம்: எப்படித் தேடுவது, முதல் நாள் என்ன நடக்கும்?

குடியை விட முடிவெடுத்துவிட்டேன், பக்கத்தில் கூட்டம் எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது, போனால் எழுந்து நின்று பேசச் சொல்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேடும் முன் உடம்பைக் கவனியுங்கள். தினமும் நிறையக் குடித்துவந்தவர் சட்டென்று நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்கு மனக் குழப்பம், இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிவது, காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தாகிவிடும். முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால், மருத்துவரைப் பார்க்காமல் நிறுத்தவே வேண்டாம். இந்த நாட்களைக் கடக்க மருந்துதான் தேவை. கூட்டம் அதற்கு ஈடாகாது.

குடியை விட விரும்புகிறவர்கள் கூடும் அமைப்புகளில், 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ., தான் அதிக இடங்களில் இருப்பது. அதன் இணையதளத்திலும் 'மீட்டிங் கைடு' செயலியிலும் ஊர், கிழமை, நேரம் வாரியாகத் தேடலாம். ஆனால் பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். குழுக்களை நடத்துவது உறுப்பினர்களே. அறை மாறினாலும் நேரம் மாறினாலும் பட்டியலில் திருத்தச் சில மாதங்கள்கூட ஆகிவிடும். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் இன்னொரு முறை கிளம்புவது கடினம். எனவே ஏ.ஏ.-வின் உதவி எண்ணை அழைத்து, இந்த வாரம் கூட்டம் உண்டா, எந்த வாசல், எந்த மாடி என்று கேட்டுக்கொள்ளுங்கள். உடனே எடுக்காவிட்டால் மாலையில் மறுபடி அழையுங்கள். வேலை முடிந்து வந்து பேசுகிற தன்னார்வலர்களாக இருக்கலாம். போதை மறுவாழ்வு மையங்களிலும் மனநலப் பிரிவுகளிலும் விசாரிக்கலாம்.

பட்டியலில் 'திறந்த கூட்டம்', 'மூடிய கூட்டம்' என்று இருக்கும். திறந்ததற்குக் குடும்பத்தார், நண்பர் யாரையும் அழைத்துப் போகலாம். மூடியது, குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். 'மூடிய' என்றதும் நமக்கு இடமில்லை என்று பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். நிறுத்த வேண்டும் என்ற விருப்பம்தான் உறுப்பினராவதற்கு ஒரே தகுதி. அது உங்களிடம் இருக்கிறது. 'நான் குடிநோயாளி' என்று முதல் நாளே ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை.

பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போய், கதவருகில் நிற்பவரிடம் 'முதல் தடவை வருகிறேன்' என்று சொல்லுங்கள். கூட்டம் பொதுவாக 60 முதல் 90 நிமிடம் நடக்கும். தொடக்க வாசிப்பு முடிந்ததும் ஒவ்வொருவராகத் தங்கள் அனுபவத்தைச் சொல்வார்கள். உங்கள் முறை வரும்போது பெயரை மட்டும் சொல்லி, 'இன்று கேட்க வந்தேன்' என்றால் போதும். யாராவது பேசி முடித்தபின் பதிலோ அறிவுரையோ வராது. அலட்சியத்தால் அல்ல, இடைமறிக்காமல் ஒருவரைப் பேசவிட வேண்டும் என்ற வழக்கத்தால்தான். நன்கொடைத் தட்டு வந்தால் அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம், கட்டணம் கிடையாது. அன்று குடித்திருந்தாலும் போகலாம், ஆனால் பேசாமல் கேளுங்கள், வண்டி ஓட்டிப் போகாதீர்கள்.

கூட்டத்தைவிட அது முடிந்த பிறகு வரும் கால் மணி நேரம் முக்கியம் என்பது என் கருத்து. தொலைபேசி எண்கள் கைமாறுவது அப்போதுதான். முடிந்த கையோடு ஓடிவிடுகிறவர்களுக்கு, குடிக்கும் வெறி வருகிற இரவில் அழைக்க ஒருவரும் இருப்பதில்லை. இரண்டு மூன்று எண்களை வாங்கி, எந்த நெருக்கடியும் இல்லாத அன்றே ஒருவரை அழைத்துப் பேசிப் பழகுங்கள். நெருக்கடியில் முதல் முறையாக அழைக்கக் கை வராது. வழிகாட்டியாக ஒரு 'ஸ்பான்சர்' வேண்டுமானால், சில ஆண்டுகள் குடிக்காமல் இருப்பவரைத் தேர்ந்தெடுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம்.

சில விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தும்படி குழுவில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உறுப்பினர் யாரும் மருத்துவராக மாறக் கூடாது என்பது ஏ.ஏ.-வின் சொந்த நிலைப்பாடே. புதியவர்களிடம் கடன் கேட்பவர், காதல் பேச்சு தொடங்குபவர் இருந்தால் விலகிக்கொள்ளுங்கள். 'இங்கே கேட்டது வெளியே போகாது' என்பது மரபு மட்டுமே, சட்டப் பாதுகாப்பு அல்ல. நிலுவையில் உள்ள வழக்கு விவரங்களை அங்கே பேச வேண்டாம்.

ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் குழுவை மாற்றுங்கள். வெவ்வேறு குழுக்களில் ஆறு கூட்டமாவது பார்க்காமல் முடிவு சொல்வது அவசரம். ஏ.ஏ. கூட்டங்களில் வரும் கடவுள் பேச்சு ஒட்டவில்லையா? 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சிகளைக் கொண்டது. அங்கே பயிற்சி பெற்றவர் நடத்துவார், ஒருவருக்கொருவர் பதிலும் சொல்லிக்கொள்ளலாம். பெண்கள் மட்டும் கூடும் குழுக்களும் இணையவழிக் கூட்டங்களும் உண்டு. வீட்டாருக்கு 1951 முதல் இயங்கும் அல்-அனான் தனியாக இருக்கிறது. நீங்கள் போகாத நாளிலும் அவர்கள் போகலாம்.

இடையில் மறுபடி குடித்துவிட்டால் வெட்கப்பட்டுப் புதுக் குழு தேடாதீர்கள். உங்களை அறிந்த அதே குழுவுக்கு, அடுத்த கூட்டத்துக்கே போய், நாள் கணக்கை ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.