போதகர் போகட்டும், தம்பி

அன்புள்ள அக்கா,
நான் மட்டக்களப்புப் பக்கத்து மெதடிஸ்த சபையொன்றைச் சேர்ந்தவன். எங்கள் போதகரை வேறு சேகரத்துக்கு, அதாவது வேறு வட்டாரச் சபைகளுக்கு, மாற்றுகிறார்கள். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி மனு எழுதியிருக்கிறோம். திருச்சபையை நடத்தும் மாநாடு கேட்குமா? அவர் போய்விட்டால் நோயாளிகளைப் பார்க்கக்கூட ஆளில்லை. பேராயர் நினைத்தால் ஒரே வார்த்தையில் முடித்துவிடலாமே?
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

பேராயர் பேச்சை விடுங்கள். அமெரிக்க மெதடிஸ்தருக்குப் பேராயர்கள் உண்டு. அங்கேயும் போதகர்கள் மாறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் இலங்கைச் சபை 1964-இல் தன்னாட்சி பெற்றது. இங்கே யாரை எங்கே அனுப்புவது என்பது மாநாட்டின் பொறுப்பு. மனுவைக் கொடுங்கள், யாரும் அடிக்கமாட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது வேறு வரியில். நோயாளிகளைப் பார்க்க ஆளில்லையா? கையெழுத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கினீர்களே, அந்த வீடுகளில் ஒருவர்கூடப் படுக்கையில் இல்லையா?

1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் மெதடிஸ்த சபைக்குக் கட்டடக் கடன். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் அந்தச் சபையைச் சேர்ந்த கேப்டன் ஃபோய். ஏழைகள் எங்கே போவார்கள் என்று கேட்டார்கள். மிக ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாவிட்டால் நானே போடுகிறேன் என்றார் அவர். இப்படிக் காசு வாங்கப் போனவர்கள்தான் எந்த வீட்டில் சண்டை, யார் குடிக்கிறார் என்பதையெல்லாம் கண்டு வந்து சொன்னார்கள். நான் தேடியது இதுதான் என்று மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு பேரை ஒரு தலைவர் கவனித்துக்கொள்ளும் 'வகுப்பு' என்ற ஏற்பாடு அங்கேதான் பிறந்தது. வெஸ்லியோ குதிரைமேல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர். அவருடைய போதகர்களும் அப்படியே. போதகர் போவார் என்று தெரிந்தே கட்டிய சபை இது. வகுப்புத் தலைவர் ஊரிலேயே இருப்பார்.

என் அம்மம்மா வகுப்புத் தலைவி. அவருடைய கொப்பியில் பெயர்களுக்கு எதிரே பென்சிலால் 'வந்தார்', 'சுகமில்லை' என்று இருக்கும். இரண்டு வாரம் வராதவர் வீட்டுக்குக் காணிக்கை வாங்கும் சாக்கில் போவார். பல நாள் அரிசியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். போதகருக்கு விஷயம் பிறகுதான் தெரியும். எத்தனையோ போதகர்கள் வந்து போனார்கள், அந்தக் கொப்பி மாறவில்லை. இன்று ஆலயத்துக்கு ஒலிபெருக்கி வாங்கக் குழு போடுகிறோம், கொப்பி பிடிக்க ஆளில்லை என்கிறோம்!

உங்கள் போதகரை அழுதே வழியனுப்புங்கள், அதில் வெட்கமில்லை. மனுவில் கையெழுத்திட்டவர்களைப் பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு பன்னிரண்டுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். புதியவர் வந்து இறங்கும் நாளில் அந்தப் பட்டியலை அவர் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா