ஆண்டுக் கட்டணம் இல்லாத கேஷ்பேக் கார்டு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

அமேசானும் ஐசிஐசிஐ வங்கியும் சேர்ந்து தரும் ‘அமேசான் பே ஐசிஐசிஐ’ கிரெடிட் கார்டை (செலவில் ஒரு சிறு பங்கைக் கேஷ்பேக்காகத் திருப்பித் தருவது) வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருந்ததால், கேள்விகளை மொத்தமாக அனுப்பச் சொல்லியிருந்தேன். நான் சில வருடங்கள் ஒரு வங்கியின் கார்டு பிரிவில் பில் தகராறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள். இந்தக் கார்டையும் வைத்திருக்கிறேன்.

அக்கா, உண்மையிலேயே இலவசமா? அப்படியென்றால் வங்கிக்கு என்ன லாபம்? (கோவை, முதல் வேலை)

உண்மையிலேயே இலவசம் தம்பி. சேரும்போதும் கட்டணம் இல்லை, ஆண்டுக் கட்டணமும் இல்லை. வருடத்துக்கு இவ்வளவு செலவு செய்தால்தான் தள்ளுபடி என்ற நிபந்தனையும் கிடையாது. நீ கார்டில் கட்டும் ஒவ்வொரு தொகையிலும் கடைக்காரர் ஒரு சிறு சதவீதத்தைக் கொடுக்கிறார், அதில் வங்கிக்குப் பங்கு உண்டு. பில்லை முழுதாகக் கட்டாதவர்களிடம் வட்டி வருகிறது. கேஷ்பேக் அமேசான் பே பேலன்ஸாகத்தான், அதாவது அமேசான் கணக்கில் இருக்கும் பணமாகத்தான் வரும் என்பதால் நீ திரும்ப அங்கேயே போவாய், அது அமேசானுக்கு லாபம்.

மாலில் ஸ்டால் போட்டுக் கூப்பிடுகிறவர்கள் சொல்லும் ‘ஃப்ரீ’ பல நேரம் முதல் வருடத்துக்கு மட்டும்தான். விண்ணப்பத்தோடு வட்டியும் கட்டணங்களும் அடங்கிய ஒரு பக்கக் குறிப்பைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதை வாங்கி, ‘இரண்டாம் ஆண்டுக் கட்டணம்’ என்ற வரியில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

5% கேஷ்பேக் என்று வாங்கினேன். போன மாதம் 24,500 ரூபாய் செலவு செய்தும் 210 ரூபாய்தான் வந்திருக்கிறது. ஏமாற்றுகிறார்களா? (திருச்சி, பள்ளி ஆசிரியை)

இல்லை டீச்சர், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய விவரத்தை வரி வரியாகப் பார்த்தேன்.

அமேசானில் வாங்கிய சாமான் 4,000. 5% என்பது அமேசானின் பிரைம் என்ற கட்டணச் சந்தா உள்ளவர்களுக்கு. உங்களிடம் பிரைம் இல்லாததால் 3%, அதாவது 120 ரூபாய். சூப்பர் மார்க்கெட்டில் தேய்த்த 6,000-க்கு 1%, 60 ரூபாய். மின்கட்டணம் 1,500-ஐ அமேசான் பே வழியாகக் கட்டினீர்கள், அதற்கு 2%, 30 ரூபாய். பெட்ரோல் 3,000-க்கு ஒன்றும் கிடையாது. அட்சய திருதியைக்கு அமேசானில் எடுத்த தங்கக் காசு 10,000 ரூபாய், அதற்கும் கிடையாது. கூட்டினால் 210. மொத்தச் செலவில் 0.86%.

எல்லோரிடமும் நான் சொல்வது இதுதான். கார்டு விளம்பரத்தைப் பார்க்கும் முன் உங்கள் சொந்தச் செலவை மூன்று மாதத்துக்கு எழுதிப் பாருங்கள். காசு எந்தக் கடைக்குப் போகிறது, எப்படிப் போகிறது என்று தெரிந்துவிட்டால், எந்தக் கார்டு உங்களுக்கு எவ்வளவு தரும் என்பதைப் பத்து நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடலாம். தங்கம், பெட்ரோல், இஎம்ஐ மூன்றும்தான் உங்கள் பெரிய செலவு என்றால் இந்தக் கார்டு உங்களுக்கு அநேகமாக ஒன்றும் தராது.

அடுத்து, ‘அப்படியானால் பிரைம் எடுத்துவிடட்டுமா’ என்றும் கேட்டிருந்தீர்கள். 1,499 ரூபாய் ஆண்டுச் சந்தாவைக் கூடுதல் 2% கேஷ்பேக்கிலேயே திரும்ப எடுக்க, அமேசானில் வருடத்துக்குச் சுமார் 75,000 ரூபாய்க்கு வாங்க வேண்டும். நீங்கள் அங்கே மாதம் 4,000-க்கு வாங்கினால் வருடத்துக்கு 48,000தான். படம் பார்ப்பது, சீக்கிரம் டெலிவரி வருவது என்று வேறு பயன் இருந்தால் எடுங்கள். கேஷ்பேக்குக்காக மட்டும் வேண்டாம்.

தெருமுனை மளிகைக் கடையில் க்யூஆரை ஸ்கேன் செய்தால் இந்தக் கார்டு வரவில்லையே? (காரைக்குடி)

என்னிடம் இருப்பது போலவே உங்களுடையதும் விசா கார்டு. யுபிஐயில் இணைத்து ஸ்கேன் செய்ய, விசா போல இன்னொரு கார்டு நெட்வொர்க்கான ரூபேயின் கிரெடிட் கார்டு வேண்டும். 2022-ல்தான் ரிசர்வ் வங்கி அதற்கு வழி விட்டது. உங்கள் செலவில் பாதிக்கு மேல் ஸ்கேன் செய்து கட்டுவதுதான் என்றால், கட்டணமில்லாத ஒரு ரூபே கார்டைத் தேடுங்கள்.

பில் 20,000. ‘மினிமம் டியூ’ 1,000 கட்டினால் போதும் என்று மெசேஜ் வருகிறது. அதைக் கட்டினால் பிரச்சினை இல்லைதானே? (மதுரை)

பிரச்சினை இருக்கிறது தம்பி, நிதானமாகப் படி. கார்டு பிரிவில் இருந்தபோது என் மேசைக்கு வந்த தகராறுகளில் அதிகம் இதுதான். ‘நான் தவறாமல் கட்டுகிறேன், கடன் ஏன் குறையவில்லை?’ என்று கேட்பார்கள். ஒவ்வொரு மாதமும் மினிமம் மட்டும் கட்டியிருப்பார்கள்.

மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, சிபிலில், அதாவது உன் கடன் வரலாற்றுப் பதிவில், ‘கட்டவில்லை’ என்று ஏறாது. அவ்வளவுதான். மீதி 19,000-க்கு வட்டி ஓடும். மாதம் 3.5% என்று வைத்துக்கொண்டால் 665 ரூபாய், அந்த வட்டியின் மேல் 18% ஜிஎஸ்டி 120 ரூபாய். தோராயமாக 785. உண்மையில் நீ பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடுவார்கள் என்பதால் இன்னும் கூடும். 20,000-க்கு 1% கேஷ்பேக் 200 ரூபாய். 200 வாங்கிக்கொண்டு 785 கொடுக்கிறாய்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பழைய பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. இன்றைக்கு 300 ரூபாய்க்குப் பிரியாணி ஆர்டர் செய்தால் அதற்கும் இன்றிலிருந்தே வட்டி. அதனால் முதலில் கார்டை எடுத்து டப்பாவில் வை. சேமிப்பில் இருந்தால் அதை எடுத்து முழுப் பாக்கியையும் அடை. இல்லையென்றால் வீட்டில் சொல்லிக் கேள், அதில் வெட்கம் வேண்டாம். அப்புறம் ‘டோட்டல் டியூ’வுக்கு (முழு பில் தொகைக்கு) ஆட்டோ டெபிட் போடு, பணம் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும். மினிமத்துக்குப் போட்டுவிடாதே, அந்த இரண்டு தேர்வும் திரையில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும்.

இதே கார்டில் ஏடிஎம்மில் பணமும் எடுக்காதே. எடுத்த நாளிலிருந்தே வட்டி, கூடவே கட்டணமும் உண்டு.

எஸ்பிஐ கேஷ்பேக் கார்டுக்கு 999 கட்டணம். இலவசக் கார்டு இருக்கும்போது அதை ஏன் வாங்குகிறார்கள்? (சென்னை)

சிலருக்கு அது லாபம் சார். 999-ம் ஜிஎஸ்டியும் சேர்ந்து 1,179. அந்தக் கார்டில் பெரும்பாலான ஆன்லைன் கடைகளுக்கு 5%, இலவசக் கார்டில் அமேசானுக்கு வெளியே 1%. வித்தியாசம் 4%. அப்படியென்றால் மற்ற ஆன்லைன் கடைகளில் மாதம் 2,500 ரூபாய்க்கு வாங்கினாலே கட்டணம் திரும்பிவிடும். வருடச் செலவு 2 லட்சத்தைத் தாண்டினால் அடுத்த வருடக் கட்டணம் கிடையாது. துணி, மருந்து, டிக்கெட் எல்லாம் ஆன்லைனில் வாங்கும் வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். அமேசானோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு இலவசம் போதும்.

நண்பர்களுக்கு என் கார்டில் போன் வாங்கிக் கொடுத்து கேஷ்பேக்கை நான் எடுத்துக்கொள்கிறேன். தப்பா? (சேலம்)

வேண்டாம். ஒரு வருடத்தில் கார்டு பில்லாக 10 லட்சத்துக்கு மேல் கட்டினால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். உங்கள் வருமானம் அதற்குப் பொருந்தாவிட்டால் நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும். நண்பர் பணம் தரத் தாமதித்தாலும் கடன் உங்கள் பெயரில்தான்.

வேறொரு கார்டை ரத்து செய்யச் சொல்லி ஒரு மாதம் ஆகிறது, வங்கி மூடவே இல்லை. (நாகர்கோவில்)

எனக்கும் ஒரு வங்கியில் இது நடந்தது. ஒவ்வொரு முறை அழைத்தபோதும் ‘ஆஃபர் தருகிறோம், வைத்துக்கொள்ளுங்கள் மேடம்’ என்றே பேசினார்கள். போனை விட்டுவிட்டு மின்னஞ்சலில் எழுதினேன். 2022-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் மூடும்வரை நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். கோரிக்கை வைத்த தேதியையும் இந்த விதியையும் இரண்டே வரியில் எழுதி, வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் நகல் போடுங்கள். முதலில் பாக்கி ஒரு ரூபாய்கூட இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள், சேர்ந்திருக்கும் கேஷ்பேக்கையும் எடுத்துவிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிப்பவர்) ஆன்லைனில் புகார் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. எனக்கு மின்னஞ்சல் போன நான்காம் நாள் கார்டு மூடப்பட்டது.