மஞ்சள் சுவர் ஏன் வெளுத்தது?

கேள்வி: புதுச்சேரி டூமாஸ் வீதியில் விடியுமுன் எச்பி5 ப்ளஸ் கருப்பு-வெள்ளைப் பிலிமில் படம் எடுத்தேன். ஒளிமீட்டர் காட்டிய 10 நொடியை அப்படியே கொடுத்தும் நெகட்டிவில் நிழல் பகுதி வெறும் கண்ணாடியாக இருக்கிறது. மீட்டர் பழுதா?

பதில்: மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. எக்ஸ்போஷர் ஒரு நொடியைத் தாண்டினாலே பிலிமின் வேகம் குறையத் தொடங்கும். மங்கிய ஒளி துளித்துளியாக விழும்போது, வெள்ளித் துகளில் பதிவு நிலைபெறுமுன்பே கொஞ்சம் கலைந்துவிடுகிறது. இந்தப் பிலிமைத் தயாரிக்கும் இல்ஃபோர்டு தரும் கணக்கு, மீட்டர் நொடியின் 1.31 அடுக்கு (மடங்கு அல்ல, கால்குலேட்டரில் xʸ). 4 நொடி 6 ஆகும்; 10 நொடி 20; 30 நொடி 86. மூன்றையும் சீட்டில் எழுதி ட்ரைபாட் காலில் ஒட்டிவிடுங்கள், இருட்டில் மனக்கணக்கு தப்பும். விடியலில் அந்த 86 நொடிக்குள் வெளிச்சம் ஏறிவிடும், 70-இல் மூடுங்கள். அந்தியில் இறங்கிக்கொண்டே போகும், 100 வரை விடலாம்.

தெருவிளக்கு படத்துக்குள் வந்தால் நிழலுக்காகக் கூட்டிய நேரம் விளக்கைச் சுற்றி வெளுத்துவிடும். அப்போது டெவலப் நேரத்தைக் குறையுங்கள்: ஐடி-11 டெவலப்பரில் ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து (1+1), 20 டிகிரிக்கு 13 நிமிடம் என்பதை 11 ஆக்கலாம். நம் குழாய்த் தண்ணீர் 20 டிகிரியில் வராது. ஐஸ் போட்ட வாளியில் டெவலப் டேங்கை நிறுத்துங்கள்.

கேள்வி: அதே தெருவின் மஞ்சள் சுவரும் வெள்ளை ஓரப்பட்டையும் படத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன. மஞ்சள் பில்டர்தான் போட்டிருந்தேன்.

பதில்: அந்தப் பில்டர்தான் காரணம், கழற்றிவிடுங்கள். அது மஞ்சளை வெள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும். சூரியன் உதிப்பதற்கு முந்தைய சுமார் 22 நிமிடம் வானத்திலிருந்து வருவது நீல ஒளி. மஞ்சள் சுவர் நீலத்தை விழுங்கி அடர் சாம்பலாகும். வெள்ளைப் பட்டை அதைத் திருப்பி அனுப்பும். ஜன்னல் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் தனித்து நிற்கும். இந்த அழகு வெயில் சுவரில் பட்டதும் போய்விடும். ஜனவரிக் கடைசியில் உதயம் ஏறத்தாழ 6.30 மணி, 6-க்கெல்லாம் ட்ரைபாட் நின்றிருக்க வேண்டும். மஞ்சள் ஒளி வீசும் சோடியம் விளக்கின் அடியில் மட்டும் நிற்காதீர்கள், பில்டர் செய்த வேலையை அதுவும் செய்யும்.

டிஜிட்டலில் ரா (கேமரா பதப்படுத்தாத) கோப்பாக எடுத்து, கருப்பு-வெள்ளையாக்கும்போது மஞ்சள் ஸ்லைடரைக் கொஞ்சம் இறக்கினால் போதும். அளவு மீறினால் சுவரில் திட்டுத்திட்டாகப் புள்ளி கிளம்பும்.

கேள்வி: கடற்கரைச் சாலையில் முதல் பத்துப் படமும் பனிமூட்டம்போல் இருக்கின்றன.

பதில்: ஏசி அறையில் குளிர்ந்த லென்ஸில் கடல்காற்றின் ஈரம் படிந்திருக்கிறது. துடைத்தால் மறுபடி படியும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே கேமராவை மூடிய பையோடு அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள்.